அடி செல்வினுடையது, சத்தம் யாருடையதோ

டிரம் அடித்தவருடைய அடியை மட்டும் வைத்துக்கொண்டு, அவருடைய சத்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் முன்பின் தெரியாத ஒருவருடைய சத்தத்தை உட்காரவைப்பதுதான் என் தொழில். இதைத் திருட்டு என்று சொல்லிவிடாதீர்கள், சாஃப்ட்வேரைக் காசு கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறேன்.

ஆம்பூரில் ஒரு மாடியில் ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பதிவான டிரம்மில் எங்கெங்கே அடி விழுந்தது என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். ஒவ்வோர் அடிக்கும் பதிலாக, எங்கோ வெளிநாட்டில் பெரிய ஹாலில் பதிவு செய்துவைத்த அருமையான டிரம் சத்தம் ஒன்றைக் கொண்டுவந்து வைக்கும். தாளம் உள்ளூர், சத்தம் இறக்குமதி. மிஷினை நம்பி மானம் போன சக பாவிகள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

கீழே இருந்த டிரம்மர்

என் ஸ்டூடியோவுக்குக் கீழே ஷூவுக்குத் தோல் வெட்டும் பட்டறை. தோலின் மேல் அச்சை வைத்து பிரஸ் மிஷினை இறக்கினால் ‘டொம்’ என்று ஒரு சத்தம் வரும். சுவர் நான்கிலும் ஸ்பாஞ்ச் ஒட்டிய புத்திசாலியான நான், தரை என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன்.

சாஃப்ட்வேர் வாங்கியதும் வந்த முதல் வேலை, ஸ்டெல்லா டீச்சருடைய பள்ளிக்கூட ஆண்டு விழாப் பாட்டு. பிள்ளைகள் பாட, தாளத்துக்கு ஒரே ஒரு சைடு டிரம். எவ்வளவு சின்ன சத்தம் வரை ‘அடி’ என்று எடுத்துக்கொள்ளலாம் என்று கம்ப்யூட்டருக்கு ஓர் அளவு சொல்ல வேண்டும். நான் ஜாஸ்தியாகவே தாராளம் காட்டிவிட்டேன். கம்ப்யூட்டர், கீழே பட்டறையில் விழுந்த ஒவ்வொரு ‘டொம்’முக்கும் ஒரு கம்பீரமான பேஸ் டிரம்மை வைத்துவிட்டது. பாட்டு என்னமாய்த் துள்ளுகிறது என்று நானே மயங்கிப்போனேன். டீச்சர் எடுப்பது கணக்குப் பாடம். கண்ணை மூடி, விரல் விட்டு எண்ணிக்கொண்டே கடைசி வரை கேட்டார்.

“யாரு தம்பி அந்த இன்னொரு டிரம்மர்? கீழ சாப்பாட்டு பெல் அடிச்சதும் அவரும் சாப்பிடப் போய்ட்டாரே!”

பாதி வழியில் திரும்பிய ஆத்தா

அடுத்து திமிரியிலிருந்து முனுசாமி வாத்தியார் பம்பை கோஷ்டியோடு வந்தார். ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழாவுக்கு அம்மன் பாட்டு. பாட்டு சரியாக வந்ததா என்று சோதிக்க அவரிடம் மீட்டர் ஒன்று இருந்தது, அவருடைய மச்சினி. மூன்றாவது சரணத்தில் அந்த அம்மாவுக்கு அருள் வந்தால் பாட்டு பாஸ். கையில் வேப்பிலையோடு என் சோபாவில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

பம்பை நன்றாகத்தான் பதிவாகியிருந்தது. சும்மா இருக்க முடியாமல், இன்னும் கொஞ்சம் எடுப்பாக்கலாமே என்று சாஃப்ட்வேரைத் திறந்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். உள்ளே இங்கிலீஷ் பாட்டுக்கு வைத்திருந்த டிரம் அப்படியே இருந்ததை நான் கவனிக்கவில்லை. பாட்டை ஓடவிட்டேன். மூன்றாவது சரணம் வந்தது, போனது. அந்த அம்மா லேசாக ஒரு தடவை ஆடி, நின்று, சுவரைப் பார்த்து, டீ கிடைக்குமா என்று கேட்டார். வாத்தியார் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

“இன்னா தம்பி பண்ணி வெச்சிருக்க? ஆத்தா பாதி வழி வந்துட்டு, வேற யாரு வூட்டுக்கோ வந்துட்டோம்னு திரும்பிப் போய்ட்டா!”

உள்ளேயே இருந்த சத்தம்

ஸ்டெல்லா டீச்சர்தான் அவருடைய சர்ச் சபையின் பாடகர் குழுத் தலைவியும். சபை ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டு பதிவு செய்ய அந்தக் குழுவோடு வந்தார். டிரம்மர் செல்வின். ஷூ கம்பெனியில் தோலைத் தடவித் தடவித் தரம் பிரிக்கிற வேலை. தாளம் கடிகாரம் மாதிரி பிசகாது. ஆனால் அவர் கொண்டுவந்த சபை டிரம் இருக்கிறதே, அது பக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பேஸ் டிரம்மில் விழுந்த கிழிசலுக்கு, கம்பெனியில் வெட்டி மிஞ்சிய தோலை ஷூ பசை போட்டு அவரே ஒட்டியிருந்தார். புது டிரம் கேட்டு அவர் கொடுத்த மனு சபைக் கமிட்டியில் பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ‘பொத் பொத்’ என்று அடித்து அடித்து மனுஷன் வெறுத்துப்போயிருந்தார்.

பாட்டு நன்றாக வர வேண்டுமே என்று ஓர் அடி விடாமல் எல்லாவற்றையும் மாற்றினேன். முனுசாமி வாத்தியாரிடம் பட்ட சூடு ஞாபகம் இருந்ததால், இவரும் உடனே கண்டுபிடித்துக் கத்தப்போகிறார் என்று கதவுப் பக்கமாகவே நின்றுகொண்டு பாட்டைப் போட்டேன். செல்வின் கேட்டார். கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“பாத்தீங்களா சார், நம்ம டிரம்மு இத்தினி வருஷமா இந்த சத்தத்த உள்ளயே வெச்சுக்கினு இருந்திருக்குது!”

கமிட்டி கேட்ட பாட்டு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டிக்குப் பாட்டைப் போட்டுக் காட்டச் சொல்லி டீச்சர் கூப்பிட்டார். அன்றைக்குத்தான் செல்வினுடைய மனுவையும் விவாதத்துக்கு எடுக்கிறார்கள் என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பாட்டு முடிந்ததும் ஒரே பாராட்டு. சபைப் பொருளாளர் ஜெபராஜ் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செல்வின் முகத்தில் பெருமை வழிந்தது. பொருளாளர் வாயைத் திறந்ததும் அதே முகம் அப்படியே வாடியது. நான் செய்த நல்ல காரியம் அந்த மனுஷனுடைய புது டிரம்முக்கே உலை வைத்துவிட்டது.

“ஏம்பா செல்வின், இவ்ளோ அருமையா பேசற டிரம்ம வெச்சுக்கினு புதுசு கேக்கறியே, மனசாட்சி இருக்குதா உனக்கு?”

மாடு மாறுமா?

இரண்டு நாள் எனக்குப் பிரியாணி இறங்கவில்லை. ஆம்பூரில் ஒருவனுக்குப் பிரியாணி இறங்கவில்லை என்றால் வியாதி முற்றிவிட்டது என்று அர்த்தம். மூன்றாம் நாள் செல்வினைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவருடைய அசல் பதிவைப் போட்டேன். ‘பொத் பொத்’. பிறகு மாற்றியதைப் போட்டேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. “அப்ப அன்னிக்கு நான் அழுதது எவனோ ஒருத்தன் டிரம்முக்கா?” என்றார்.

இன்னொரு தடவை போடச் சொன்னார். இன்னொரு தடவை. மேஜை ஓரத்தில் விரலால் தானும் கூடவே தட்டிப் பார்த்தார். ஒவ்வோர் அடியும் அவர் தட்டிய இடத்திலேயே சரியாக விழுந்தது. மெல்ல முகம் தெளிந்தது.

“எங்க கம்பெனிக்கு முள்ளு கிழிச்ச தோலு, உண்ணி கடிச்ச தோலு எல்லாம் வருது சார். மேல தேச்சு, கலர் அடிச்சு, பிளேட்டு வெச்சு அழுத்தி அனுப்பறோம். அதுக்காக மாடு வேற மாடு ஆய்டுமா? அடி என்னுதுதானே?”

அசல் குரல்

அவரே என்னைக் கமிட்டிக்கு இழுத்துப் போனார். “சார் ஒண்ணு சொல்லணும்றாரு” என்று என்னை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நின்றுகொண்டார். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அசல் பதிவைப் போட்டேன். மூன்றாவது ‘பொத்’திலேயே ஸ்டெல்லா டீச்சர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஐந்தாவதில் கமிட்டி முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. பொருளாளர் மட்டும் பாட்டு முடியும் வரை சிரிக்காமல் கேட்டார்.

“பாவம்பா, இதுலயா இத்தினி வருஷம் அடிச்சுக்கினு இருந்த? மொதல்ல அந்த மனுவ எடுங்க.”

புது டிரம்

புது டிரம் வந்தது. சிவப்பு நிறம், தேய்த்து வைத்த குத்துவிளக்காட்டம் பளபளக்கிற தட்டுகள். கிறிஸ்துமஸ் பாட்டுப் பதிவுக்கு அதை மாடிக்கு ஏற்ற நான்கு பேர் வேண்டியிருந்தது. கீழ்ப் பட்டறையில் அரை மணி நேரம் மிஷினை நிறுத்தித் தரச் சொல்லி நானே போய்க் கெஞ்சிவிட்டு வந்தேன். செல்வின் அதன் பின்னால் உட்கார்ந்தபோது பத்து வயது குறைந்தவராகத் தெரிந்தார். வெளுத்து வாங்கினார். சத்தம் ஒவ்வொன்றும் முத்து முத்தாக இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி இவருக்குச் சாஃப்ட்வேரே வேண்டாம் என்று கம்ப்யூட்டரில் அதை மூடினேன். செல்வின் பதறிப்போய்க் குச்சியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார்.

“ஐயோ மூடாதீங்க சார், அந்த வெளிநாட்டு சத்தத்தயே போட்டுடுங்க! புது டிரம்மு, நான் பின்னால உக்காந்தா கெத்தா இருக்கறதுக்கு. சத்தத்துக்குத்தான் நீங்க இருக்கீங்களே!”

ஆக, ஒரு கமிட்டியின் முன்னால் என் மானத்தைக் கொடுத்து வாங்கிய டிரம்மின் சொந்தக் குரலை, ரெக்கார்டிங்கில் ஒருவர் காதிலும் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் இன்றைக்கு என் முழுநேர வேலை.