மொட்டைமாடியை மராமத்து செய்த வருடம்

எங்கள் வீட்டுக்கு மாடிப்படி கிடையாது. மேலே இன்னொரு தளம் எழுப்பும்போது சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்று என் கணவர் நினைத்திருந்தார். தளம் எழும்பவில்லை, படியும் வரவில்லை. மூங்கில் ஏணியைப் பக்கச் சுவரில் சாய்த்து ஏறிக்கொள்வார். வளைகுடாவில் பிளம்பராக இருந்தவர். வீட்டு வேலைக்கு வெளி ஆளை வைத்ததே இல்லை. தை பிறந்ததும் மட்டுப்பா என்று அவர் சொல்லும் மொட்டைமாடிக்குப் போய், பின்பக்கத் தோட்டத்து ரப்பர் மரங்கள் உதிர்த்த இலையை வாரி, பாசியைத் தேய்த்து, வெடிப்பை அடைத்துவிட்டுத்தான் இறங்குவார்.

இந்த வருடம் மழை மார்கழி வரை நின்றபாடில்லை. சுவரெல்லாம் குளிர்ந்து ஈரமாய்க் கிடந்தது. அலமாரியில் மடித்து வைத்த புடவைகூடப் பூஞ்சை வாடை அடித்தது. படுக்கையறை சீலிங்கில் ஓர் ஈரத்திட்டு பரவி, ஒரு நாள் பூச்சு பெயர்ந்து தலையணைக்குப் பக்கத்தில் விழுந்தது. பொங்கல் கழிந்தும் அவர் மேலே ஏறவில்லை. கேட்டால், "பாப்போம், தண்ணி வடியட்டு" என்பார். தேநீர்க் கோப்பையை அவர் இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பதை நான் கவனித்தேன். குளிருக்கு என்றார்.

பொறுக்க முடியாமல் கொத்தனாரை வரச் சொன்னேன். அவர் வாசலில் வந்து நின்றதும் இவருக்கு முகம் மாறிவிட்டது.

"எனக்க வீட்டு மட்டுப்பாவ நான் பாத்துக்கிடுவேன். நான் செத்தா போனேன்?" என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முடித்து நான் திரும்பியபோது கதவு திறந்து கிடந்தது. வீட்டில் ஆள் இல்லை. பக்கச் சுவரில் ஏணி சாய்ந்திருந்தது, அதனடியில் அவருடைய செருப்பு.

"மேலயா இருக்கிய? எறங்குங்க, சாயா போடுதேன்."

"நீ போ. வாறேன்."

சாயா ஆறிப்போனது. வெயிலும் சாய்ந்துவிட்டது. மேலே தேய்க்கிற சத்தமே இல்லை. வெளியே போய் மறுபடி கூப்பிட்டேன். வெகு நேரம் கழித்துத்தான் பதில் வந்தது.

"ஏட்டி, என்னால எறங்க முடியல்ல."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். உயரம் என்றால் எனக்குப் பயம், அந்த ஏணியில் அதுவரை கால் வைத்ததில்லை. பாதி மாடி தேய்த்து வெளுத்திருந்தது, மீதி பச்சையாகவே கிடந்தது. தண்ணீர்த் தொட்டியில் முதுகைச் சாய்த்து அவர் உட்கார்ந்திருந்தார். உதடு வறண்டிருந்தது. மடியில் வலது கை நடுங்கிக்கொண்டிருக்க, இடது கையால் அதை அழுத்திப் பிடித்திருந்தார்.

"உச்சைக்கே, வெயிலு தலைக்கு மேல நிக்கும்போ எறங்கப் பாத்தேன். ஏணியில வைக்கதுக்கு காலு வரல்ல. தரையில ஒட்டிப்போன மாதிரி நின்னுபோச்சு."

"எப்பத்துல இருந்து இப்பிடி?"

"ஓணத்துக்கு முன்னயே."

"ஏன் எங்கிட்ட சொல்லல்ல?"

"சொன்னா நீ ஆசுபத்திரிக்கு கூட்டிட்டுப் போவ. அவிய அதுக்கொரு பேரு சொல்லுவாவ."

கொத்தனாரைக் கூப்பிடப் போகிறேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் வேண்டாம். வேற யாரும் வேண்டாம். கொஞ்ச நேரம் இரு, சரியாவும்." கொஞ்ச நேரம் இருந்தேன். சரியாகவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கவே போன் செய்தேன்.

கொத்தனார் இன்னொருவரோடு வந்தார். முந்தின நாள் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. இவர் இடுப்பில் கயிற்றைச் சுற்றிக் கட்டி, மறுமுனையை மேலே கூட வந்தவர் கையில் கொடுத்துவிட்டு, தான் ஏணியில் இவருக்குக் கீழே நின்று, பாதத்தைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் வைத்தார். "இந்தக் காலு... ஆங், இப்ப அந்தக் காலு. நான் பிடிச்சிருக்கேன் அண்ணே." கீழே வந்ததும் இவர் யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் நாகர்கோவிலில் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். நடக்கச் சொன்னார், விரலை விரலோடு தட்டச் சொன்னார். பிறகு அந்தப் பெயரைச் சொன்னார். மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம், மாற்ற முடியாது என்றார். வடசேரியில் பஸ் ஏறி வீடு வந்து சேரும்வரை இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

மாடி வேலையைக் கொத்தனார்தான் முடித்தார். இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, வெளியே வந்து பார்க்கவும் இல்லை. மாத்திரை முதலில் குமட்டியது, பிறகு பழகிவிட்டது. கை சற்று அடங்கியிருக்கிறது. காலை நேரம்தான் மோசம். கட்டிலிலிருந்து எழுந்து நின்றபின் முதல் அடி எடுத்து வைக்க வெகு நேரமாகிறது. நான் பார்ப்பது தெரிந்தால் கோபம் வருகிறது என்பதால் அடுக்களையில் ஏதாவது உருட்டிக்கொண்டிருப்பேன்.

ஒரு சாயங்காலம் அவராகவே கேட்டார்.

"ஒனக்கு ஒயரம்னா பேடியாச்சே. அன்னைக்கு எப்பிடி ஏறின?"

"பேடிச்சிக்கிட்டுத்தான் ஏறினேன்."

பிறகு மேலே எந்தெந்த இடத்தில் வெடிப்பு இருந்தது என்று விசாரித்தார். கொத்தனார் என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒவ்வோர் இடமாக மனதில் பார்ப்பவர்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.