பதின்மூன்றாவது ஆள்: ஹேர்னிங்கிலிருந்து கஸ்ட்ரூப் வரை ஒரு றக்பி பேருந்தில்

டென்மார்க்கை மேற்கிலிருந்து கிழக்காகச் சாலை வழியே கடப்பது எப்படி என்று சிலர் கேட்டு எழுதுகிறார்கள். நான் அந்த வழியை ஊன்றிக் கவனித்துப் போன பயணம் ஒன்றுதான். 1989 ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, ஹேர்னிங்கிலிருந்து கோபன்ஹேகனுக்கு, ஒரு றக்பி அணியின் பேருந்தில் போனேன். வழியில் பேருந்தோடு ஏறிய கப்பல் இப்போது ஓடுவதில்லை. அந்தக் கழகமும் இல்லை. கட்டணங்கள் எல்லாம் மாறிவிட்டன. மற்றபடி தகவல்கள் சரியானவை.

ஹேர்னிங் அப்போது துணி ஆலைகளின் ஊர். அங்கே பின்னல் இயந்திரங்களைப் பழுதுபார்க்க வட இங்கிலாந்திலிருந்து வந்தவர் கென். ஒரு டேனியப் பெண்ணை மணந்து அங்கேயே தங்கிவிட்டார். மற்ற ஊர்களில் றக்பியைப் பதினைந்து பேர் ஆடுவார்கள். கென்னின் ஊரில் பதின்மூன்று பேர். ஹேர்னிங்கில் பதினைந்து பேர் எப்படியும் கிடைக்கப் போவதில்லை என்பதால், அவருடைய கொள்கையும் ஊரின் நிலைமையும் நன்றாகப் பொருந்திப் போயின. கழகத்தின் விதிகள் அதை அரைத் தொழில்முறைக் கழகம் என்றன. அதாவது, வென்றால் ஒவ்வொருவருக்கும் ஐம்பது குரோணர். கழகத்தின் வரலாறு முழுவதிலும் இந்த விதியால் செலவு எதுவும் ஏற்படவில்லை.

கென்னும் எட்டு டேனியரும் சேர்ந்தால் ஒன்பது. மீதி நால்வரும் எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழர். நால்வரும் ஆலையில் வேலை செய்தார்கள், நால்வரின் மனைவியரும் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருந்தார்கள். பிற்பாடு பத்திரிகைகள் 'தமிழர் வழக்கு' என்று எழுதின அல்லவா, அந்த ஆண்டுகள். அகதிகள் குடும்பத்தை அழைக்கும் விண்ணப்பங்கள், அமைச்சர் ஒருவர் நிறுத்தி வைத்ததால், கோபன்ஹேகனில் அசையாமல் கிடந்தன. வார நாட்களில் இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் தெரியாது; ஞாயிற்றுக்கிழமை மட்டும் நகராது. எனவே, யாராவது வந்து இடித்துக் கீழே தள்ளும் ஒரு விளையாட்டு அவர்களுக்கு ஆறுதலாக இருந்தது. நான் தண்ணீரும் பஞ்சும் தூக்குகிறவன். கண்ணாடியைக் கழற்றினால் எனக்குப் பந்தும் தலையும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

அந்த ஆண்டு விண்ணப்பங்கள் அசையத் தொடங்கின. நால்வரில் முதலில் அனுமதி வந்தது யோகனுக்கு. மனைவி ரஞ்சி மொஸ்கோ வழியாக ஞாயிறு மாலை நாலரைக்குக் கோபன்ஹேகனின் கஸ்ட்ரூப் விமான நிலையத்தில் இறங்குகிறார் என்று தெரிந்ததும், நால்வரும் அந்த நாளை ஒதுக்கி வைத்தார்கள். அதே ஞாயிறன்று ஹேர்னிங் மைதானத்தில் கோபன்ஹேகன் அணியுடன் ஆட்டம் இருந்தது. ஆள் போதாமல் ஏற்கெனவே ஒருமுறை ஆட்டத்தைக் கைவிட்டிருந்தோம். இரண்டாம் முறையும் பதின்மூன்று பேர் இறங்காவிட்டால் கழகத்தின் பெயரைப் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

கணவன் மனைவியைக் கூட்டி வருவது கென்னுக்கு விளங்கியது. ஒரு பெண்ணைக் கூட்டி வர நாலு பேர் எதற்கு என்பதுதான் விளங்கவில்லை. நால்வரில் ஒருவரான மன்னார்க்காரர் பெனடிக்ட் அண்ணை அவருக்குப் பொறுமையாக விளக்கினார்: அங்கே வழியனுப்ப ஒரு வான் வண்டி நிறையச் சனம் வந்திருக்கும், இங்கே வரவேற்க ஒருவன் மட்டும் நின்றால் அவன் நாலு வருடமாக ஒரு மனிதரைக்கூடச் சம்பாதிக்கவில்லை என்று அர்த்தம். கென் இரண்டு நாள் யோசித்தார். பிறகு எதிரணிக்குத் தொலைபேசியில் பேசி, எங்கள் சொந்த மைதானத்தை விட்டுக்கொடுத்து, ஆட்டத்தைக் கோபன்ஹேகனுக்கு மாற்றினார். பன்னிரண்டரைக்கு ஆட்டம், நாலரைக்கு விமானம். எதிரணி இதைத் தங்கள் மீதுள்ள பயம் என்று எடுத்துக்கொண்டது. அதுவும் முழுக்கப் பொய்யில்லை.

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். பேருந்தை ஓட்டியவரும் கென்தான். மொத்தம் சுமார் முந்நூறு கிலோமீட்டர். வைலே தாண்டிச் சின்ன பெல்ட் என்ற நீரிணையின் பாலம், பிறகு ஓடென்ஸ, அதன் பிறகு நூபோர்க் பக்கத்தில் கப்பல். கப்பலில் ஒரு மணி நேரம். கோப்பி பன்னிரண்டு குரோணர், அந்த விலைக்குத் தகுதியில்லாதது. யோகனின் கலியாணக் கோட்டு சூட்டு பேருந்தின் கடைசி இருக்கைக்கு மேலே கம்பியில் தொங்கியது. இருக்கைக்குக் கீழே, ரஞ்சிக்காக, இரண்டு பெட்டி பொரித்த இறைச்சி ரோல்ஸ். அவற்றைத் தொடக் கூடாது என்று டேனியர்களுக்குப் புறப்படும்போதே சொல்லியிருந்தோம். ஓடென்ஸ வருவதற்குள் ஒரு பெட்டி பாதியாகிவிட்டது.

கப்பலின் மேல்தளத்தில் யோகன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடலைப் பார்ப்பதாகத்தான் நினைத்தேன்.

"அண்ணை, இண்டைக்கு மூக்கு உடைஞ்சால் அவள் என்னை எப்பிடி அடையாளம் பிடிப்பாள்? அவளிட்டை இருக்கிறது கலியாணப் படம் மட்டும்தான்" என்றார் பெனடிக்ட் அண்ணையிடம்.

"அந்த மூக்கைப் பற்றியும் பெரிசாச் சொல்ல ஒண்டுமில்லை, யோகன்."

ஆனாலும் பெனடிக்ட் அண்ணை கீழே போய்க் கென்னிடம் பேசினார். யோகன் ஆடாவிட்டால் பன்னிரண்டு பேர். கழகம் அத்தோடு முடிந்தது. ஆடி முகத்தில் அடி பட்டால், நாலு வருடம் காத்திருந்து வரும் பெண் முதலில் பார்க்கப் போவது முகம் நிறைய மருந்துக்கட்டுத்தான். மறுகரையில் கோர்சோர் துறையில் இறங்கியதும், கென் பேருந்தை ஓரமாக நிறுத்தி ஆட்டத் திட்டத்தை அறிவித்தார். அது அவர் போட்ட திட்டங்களிலேயே மிகச் சுருக்கமானது.

"பந்து யோகனிடம் போகக் கூடாது. எவனும் யோகனிடம் போகக் கூடாது. மற்றது உங்கள் விருப்பம்."

கழக வரலாற்றில் ஒரு திட்டம் அப்படியே நிறைவேறியது அன்றைக்கு மட்டுமே. மழை பெய்து மைதானம் களியாகக் கிடந்தது. யோகன் ஓரத்தில் நின்றார். அவரைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் வேலி போல ஓடினார்கள். பந்து அந்தப் பக்கம் வந்தபோதெல்லாம் யாராவது ஒருவர் குறுக்கே விழுந்தார். பெனடிக்ட் அண்ணைக்குப் புருவம் வெடித்தது. தச்சு வேலை செய்யும் ஒரு டேனியருக்கு ஒரு பல் போனது. கடைசி நிமிடங்களில் ஒரு முறை பந்து எப்படியோ நேராக யோகனின் கையில் வந்து விழுந்தது. அவர் அதைப் பக்கத்தில் நின்ற எதிரணிக்காரரிடம், கோவிலில் பிரசாதம் கொடுப்பது போல, இரண்டு கையாலும் கொடுத்தார். அறுபத்திரண்டுக்குப் பூச்சியம். பதின்மூன்று பேரும் இறுதிவரை நின்றார்கள் என்று நடுவர் எழுதிக் கையெழுத்திட்டார். கென் தோற்றவர் போலவே இல்லை.

மூன்றே கால் ஆகிவிட்டது. குளிக்க நேரமில்லை. யோகன் மட்டும் முகம் கழுவி, கோட்டு சூட்டு மாட்டி, தலை வாரினார். மற்றவர்கள் சேற்றோடே பேருந்தில் ஏறினார்கள். விமான நிலையத்தில் யாரையாவது வரவேற்றால் டேனியர்கள் கடதாசிக் கொடி ஆட்டுவது வழக்கம். அவர்கள் ஆளுக்கொரு சிவப்பு வெள்ளைக் கொடியை முதல் நாளே வாங்கிப் பைக்குள் செருகி வைத்திருந்தார்கள் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பதின்மூன்று பேரும் வரிசையாக நின்றோம். யோகன் நடுவில், நாங்கள் பன்னிரண்டு பேர் சேறும் இரத்தமுமாக. மன்னிக்கவும், என்னையும் சேர்த்துப் பதினாலு. நானும் அந்த அணிதான் என்ற நினைப்பு அன்று மட்டும் வந்துவிட்டது.

ரஞ்சி ஒரு சூட்கேசோடு வெளியே வந்தார். கொடிகளைப் பார்த்தார். பெனடிக்ட் அண்ணையின் புருவத்தைப் பார்த்தார். தச்சுக்காரர் பல்லில்லாத வாயால் சிரித்ததையும் பார்த்தார். கடைசியாகக் கணவனைப் பார்த்தார். கலியாணப் படத்தில் இருந்தபடியே, மடிப்புக் கலையாமல், யோகன் நின்றார். ரஞ்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் பேசியபோது குரல் தெளிவாகவே இருந்தது.

"நாலு வருசமாக் காயிதத்திலை விளையாட்டு, விளையாட்டு எண்டு எழுதினீங்கள். உங்களை மட்டும் ஒருத்தரும் சேக்கிறேல்லையோ?"

என்ன சொன்னார் என்று கென் கேட்டார். சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார். யோகன் பேருந்து கோர்சோர் சேரும் வரையிலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். ரஞ்சி ரோல்ஸ் சாப்பிட்டபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஓம், ஓம்" என்றார்.

அடுத்த ஆண்டுக்குள் மற்ற மூவரின் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு முறையும் அதே பேருந்து போனது. ஞாயிற்றுக்கிழமைகள் மறுபடி நகரத் தொடங்கின; பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்க வேண்டியிருந்தது, பூசைக்குப் போக வேண்டியிருந்தது. கழகத்தின் ஒரே நிலையான புரவலர் அந்த விண்ணப்பங்களின் தாமதம்தான் என்பது அப்போது எங்களுக்குப் புரிந்தது. பதின்மூன்று பேர் சேராமல், கழகத்தைக் கலைப்பதற்கு முறைப்படி பொதுக்கூட்டம் கூட்டினார் கென். காரணம் என்னவென்று எழுதுவது என்று செயலாளர் கேட்டதற்கு, எல்லோர் வீட்டிலும் இப்போது ஆள் இருக்கிறது என்று எழுதச் சொன்னார். அவர் முகத்தில் வருத்தமும் இருந்தது, இல்லாமலும் இருந்தது.

இனிப் பயணக் குறிப்புகள். கப்பலுக்குப் பதில் இப்போது பெரிய பெல்ட் பாலம். கட்டணத்தைப் புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஹேர்னிங்கிலிருந்து காரில் மூன்றரை மணி நேரம் போதும். ஓடென்ஸவில் ஒரு தடவை நிறுத்துங்கள். ரோல்ஸை இரண்டு பெட்டியில் பிரித்து, ஒன்றைக் காரின் டிக்கியில் பூட்டி வையுங்கள். கஸ்ட்ரூப்பில் நீண்ட காலம் பிரிந்திருந்த ஒருவரை வரவேற்கப் போகிறவர்கள் நல்ல உடுப்பு உடுத்துவது முறைதான். ஆனால் முழங்காலிலாவது கொஞ்சம் சேறு பூசிக்கொண்டு போங்கள்.