ஜோடித் திட்டமும் ஒரு ஸ்டீல் மூடியும்

வாஷிங் மெஷின் மெக்கானிக்கின் பையில் ஸ்பேனர் இல்லாத நாள் உண்டு; கைபேசி இல்லாத நாள் கிடையாது. எந்த மெஷினைத் திறந்தாலும் முதலில் படம். ஒயரைப் பிடுங்குமுன் ஒன்று, பிடுங்கியபின் ஒன்று. "எதுக்குங்க இத்தனை போட்டோ?" என்று யாராவது கேட்டால், "கம்பெனி ரூல்ஸ்" என்பார். கம்பெனியே அவர் ஒருவர்தான்.

உண்மை வேறு. ஐம்பதைத் தாண்டியதிலிருந்து எந்த ஒயர் எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்பது அவர் தலையில் நிற்பதில்லை. படம் இருந்தால்தான் பிரித்ததைச் சேர்க்க வரும். இது மனைவிக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் "இனிமே மெஷினைத் தொடாதீங்க" என்று வீட்டில் உட்கார வைத்துவிடுவாள் என்று பயம்.

பேத்தி தவழும் வீடியோவை மகள் அனுப்பிய அன்று கைபேசி கையை விரித்தது. இடமில்லையாம்.

"பேத்தி தவழ இடமில்ல, கண்டவங்க வீட்டு மெஷினுக்கு மட்டும் இடமிருக்கா?" என்று மனைவி பிடித்துக்கொண்டாள். "ஊருப்பட்ட மோட்டாரைப் படம் பிடிக்கிற மனுஷன் மூஞ்சிக்கு ஒரு படம் இருக்கா? பேத்திகிட்ட தாத்தான்னு எதைக் காட்டறது, மெஷின் பெல்ட்டையா?"

படங்களை வானத்தில் எங்கோ சேர்த்துவைக்கும் சேவை ஒன்றை எடுப்பதென்று முடிவாயிற்று. அழைக்காமலே வந்த மச்சினர், "சும்மா கிடைக்கறதைப் போடுங்க அத்தான்" என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அது படங்களைச் சுருக்கிச் சுருக்கி, பேத்தியின் முகத்தை மழையில் நனைந்த நாளிதழ்போல ஆக்கிவிட்டது. மச்சினர் அதைப் பார்த்துவிட்டு, "குழந்தை கொஞ்சம் அசைஞ்சிருக்கும்" என்றார்.

மீதி இருந்தவை காசு கட்டும் திட்டங்கள் இரண்டு. குடும்பத் திட்டத்தில் ஆளுக்கொரு டிராயர். எல்லாருக்குமாக ஒரு பொது அறை. ஜோடித் திட்டத்தில் இரண்டு கைபேசிக்கும் ஒரே பெட்டி. ஒருவர் போட்டால் இருவருக்கும் சேரும். ஒருவர் அழித்தால் இருவருக்கும் அழியும்.

"அப்பா, ஜோடித் திட்டம் வேணாம். யோசிச்சு எடுங்க" என்றாள் மகள் போனில்.

"இதுல என்ன யோசனை? எனக்கும் உங்கம்மாவுக்கும் நடுவுல என்ன ஒளிவு மறைவு?" என்றார், ஒரே ஒரு ஒளிவை மறைத்து வைத்திருந்த மனிதர். ஜோடித் திட்டமே எடுத்தார்கள்.

மறுவாரம் பல் டாக்டரம்மா வீட்டில் வேலை. க்ளினிக் வெள்ளை அங்கிகள் மலையாகக் குவிந்திருக்க, மெஷினின் வயிற்றைத் திறந்து வழக்கம்போலப் படம் பிடித்து, ஒயர்களைப் பிடுங்கி, பழுதான போர்டை மாற்றினார். ஒயர்களைத் திரும்பச் செருகுவதற்குக் கைபேசியை எடுத்தால், பேத்தி சிரிக்கிறாள். தள்ளினால், பேத்தி அழுகிறாள். ஒயர் படம் ஒன்றைக்கூடக் காணோம்.

"என்ன மெக்கானிக், பிரிச்சாச்சு, சேர்க்க வருமா?" என்றாள் டாக்டரம்மா.

"நீங்க பிடுங்கறதோட சரி, நாங்க திரும்ப மாட்டவும் செய்வோம்" என்று சொல்லிவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி பால்கனிக்கு ஓடி மனைவியை அழைத்தார்.

"ஏம்மா, பெட்டியில என் படமெல்லாம் எங்க?"

"அந்தக் குப்பையா? இப்பத்தான் உட்கார்ந்து அழிச்சேன்."

"குப்பைத் தொட்டியில இருக்குமில்ல?"

"அதையும் காலி பண்ணிட்டேன். பெருக்கற குப்பையை யாராவது வீட்டுக்குள்ளயே வெப்பாங்களா?"

அவர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அது குப்பை இல்லம்மா. என் மூளை. எனக்கு... எதுவும் ஞாபகம் நிக்கல. ரொம்ப நாளாவே. படம் இல்லாட்டி எனக்கு மாட்டத் தெரியாது."

வீட்டில் உட்காரச் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார்.

"இன்னிக்கு எடுத்ததா?" என்றாள். "பின்னால பளபளன்னு ஒரு மூடி சாஞ்சிருக்குமே?"

"ஆமா! கழட்டி வெச்ச ஸ்டீல் மூடி!"

"அதுல உங்க மூஞ்சி தெரிஞ்சுது. நாக்கை வெளிய நீட்டிக்கிட்டு, ஸ்கூல்ல கணக்குப் போடற பையன் மாதிரி. பேத்திக்குக் காட்டலாம்னு அதை மட்டும் அழிக்கல. 'தாத்தா'ன்னு தனியாப் போட்டு வெச்சிருக்கேன், பாருங்க."

பார்த்தார். மூடிக்குள் கொஞ்சம் கோணலாக அவர் முகம். முகத்துக்கு முன்னால், நீலமும் மஞ்சளும் சிவப்புமாக, ஒவ்வொரு ஒயரும் அதனதன் ஓட்டையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. தன் முகத்தை இவ்வளவு உற்று அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

மெஷின் சுற்றியது. டாக்டரம்மா அங்கிகளை அள்ளிப் போட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி மேஜையில் கைபேசியோடு உட்கார்ந்திருந்தாள். ஜோடித் திட்டம் போய்க் குடும்பத் திட்டம் வந்திருந்தது.

"உங்களுக்குத் தனி டிராயர். நான் உள்ள கை வெக்க மாட்டேன். எவ்வளவு வேணாலும் எடுத்துக்குங்க."

"நீ வேலையை விடச் சொல்லுவேன்னு நெனச்சேன்."

"விட்டுட்டு? நாள் முழுக்க இங்க உட்கார்ந்து என் மிக்ஸியைப் பிரிக்கறதுக்கா?" என்றவள், குரலைத் தணித்துக்கொண்டாள். "என் தம்பிகிட்ட ஒன்னும் சொல்லல. டிராயருக்கு என்ன பேர்னு போன் கேட்டுது. 'கம்பெனி ரூல்ஸ்'னு வெச்சிருக்கேன். சரிதானே?"