ஓட்டுநர் இருக்கையில் ஒரு மிளகு மூட்டை

காலை ஒன்பது மணிக்கு எறணாகுளத்தில் படகு ஏறி ஃபோர்ட் கொச்சியில் இறங்கினேன். அங்கிருந்து மட்டாஞ்சேரியின் கொச்சங்காடிக்கு ஆட்டோவில் எண்பது ரூபாய்.

"சுக்கு வாங்கவா, மிளகு வாங்கவா?" என்றார் ஓட்டுநர்.

"வெயிலில் ஓடும் கார் பார்க்க."

"ஆ, பிள்ளைகளோட சப்பாத்தி வண்டி." நேராகக் கொண்டுபோய் விட்டார்.

பெயர் பொருத்தம்தான். காலிக் கிடங்கின் நடுவே மூன்று சக்கரத்தில் நின்றது தட்டையான வெள்ளை உடல். மேற்புறம் முழுக்கச் சூரியத் தகடுகள். நடுவில், ஒருவர் சாய்ந்து படுத்து ஓட்டும் அளவுக்கு ஒரு கண்ணாடிக் குமிழ். பொறியியல் மாணவர்கள் எட்டுப் பேர் கட்டியது. சென்ற ஆண்டுப் பந்தயத்தில் பாதியிலேயே நின்றுபோனதால், இந்த முறை மோட்டாரை மாற்றி, உடலையும் இளைக்க வைத்திருக்கிறார்கள்.

ஓட்டுபவர் நித்யா, மூன்றாம் ஆண்டு மாணவி. பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். பந்தய விதிப்படி ஓட்டுநர் எண்பது கிலோ இருக்க வேண்டும். குறைந்தால் அந்த அளவுக்குப் பாரம் ஏற்ற வேண்டும். நித்யா நாற்பத்தெட்டு கிலோ. மீதி முப்பத்திரண்டுக்கு மிளகு மூட்டை வைக்கலாம் என்று சொன்னது அணியில் ஒருவனான ஃபைசல். அவன் அப்பா, அவன் பேச்சில் வாப்பா, பக்கத்துத் தெருவில் மிளகு வியாபாரி. மூட்டை இருக்கையின் வளைவோடு ஒட்டிப் படுக்கும், மணல் மாதிரி கசியாது, பந்தயம் முடிந்ததும் திருப்பி விற்கலாம். அணி ஒப்புக்கொண்டது.

பதினொரு மணிக்கு, பந்தய வண்டிகளைச் சோதித்துப் பழகிய ஒருவர் வந்தார். மாணவர்கள் அவரை வாத்தியார் என்ற பொருளில் 'மாஷ்' என்றார்கள். அவர் பாரத்தை எடை போட்டு முத்திரை வைக்க வேண்டும். காரைப் பந்தயத்துக்கு ஏற்றிப்போகும் லாரி மூன்று மணிக்குக் கிளம்பும். முத்திரை விழாவிட்டால் காரை ஓட்டப்போவது மாற்று ஓட்டுநர் ஜோபின். அவனுக்குப் பாரமே தேவையில்லை.

நித்யா மூட்டையைக் கட்டிக்கொண்டு தராசில் ஏறினாள். எழுபத்தெட்டு புள்ளி ஆறு.

"தராசு கேடு மாஷே," என்றான் ஃபைசல். மாஷ் தானே ஏறிப் பார்த்தார். தராசு சரி.

"ரெண்டு பொறோட்டா தின்னுட்டு ஏறு நித்யா," என்றான் ஜோபின்.

"நீ வாயை மூடு, மிண்டாதே. உனக்குத்தானே சீட்டு கிடைக்கப்போகுது."

"எனக்கா? உள்ள இருந்தா முட்டி ஸ்டியரிங்ல இடிக்கும் எடீ."

அவள் தனியாக ஏறினாள். நாற்பத்தெட்டேதான். மூட்டையில் ஓட்டையும் இல்லை. குமிழைத் திறந்து, வெயிலில் அடுப்பாகக் கொதித்த அந்த உள்ளிடத்தில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு ஃபைசல் பக்கம் திரும்பினாள்.

"எடா, இந்த மிளகு நல்லா காஞ்சு உணங்கினதா?"

"பாதி உணங்கினது. அதானே சீக்கிரம் கிடைச்சது…" சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் மாறிவிட்டது.

இரண்டு வாரம் வெயிலில் சோதனை ஓட்டம். மூடிய குமிழுக்குள் மிளகு காய்ந்து எடை இறங்கியிருக்கிறது. ஈரம் போனால் எடை போகும் என்பதை வைத்துத்தான் இந்தத் தெருவில் விலையே பேசுகிறார்கள். முதல் நாள் நிறுத்ததோடு சரி, மூட்டையை யாரும் மறுபடி தராசில் வைக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் மிளகு போட்டா?" என்றான் ஒருவன்.

"அதுவும் பந்தயத்துல உணங்கும்," என்றாள் நித்யா. "உணங்காத சாமான் வேணும்."

ஃபைசல் தலையைச் சொறிந்தான். "வாப்பா கடைக் கதவுக்குப் பழைய எடைக்கல்லுங்கதான் முட்டு. இரும்பு. கேக்கணும்னா காரணம் சொல்லணும்."

"உன் மிளகு. நீ சொல்லு."

நானும் கூடப் போனேன். வாப்பா முழுக்கக் கேட்டார், சிரிக்கவில்லை. "மழைக்காலத்துல என் மூட்டையெல்லாம் அந்த வண்டியில ஏத்திக்கோ மோனே. உணக்கிக் கொண்டா." பிறகு நித்யாவிடம், "கல்லையெல்லாம் எடுத்துட்டுப் போ மோளே," என்றார்.

மிளகு மூட்டையை இறக்கிவிட்டு, அதன் இடத்தில் கற்களைச் சாக்கில் சுற்றி, பெல்ட் போட்டு இறுக்கினார்கள். இரண்டரை மணிக்கு எண்பது புள்ளி இரண்டு. மாஷ் முத்திரையை அழுத்தினார். ஜோபின் முட்டியைத் தடவிக்கொண்டான்.

மூன்று மணிக்கு லாரி கிளம்பியது. முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் நித்யா, மடியில் தலைக்கவசம்.

நான் விடைபெறும்போது ஃபைசல் இறக்கிவைத்த மூட்டையிலிருந்து ஒரு பிடி மிளகை அள்ளிப் பொட்டலம் கட்டித் தந்தான். மதுரையில் மளிகைக்கடையில் மிளகு வாங்கும்போது நான் தராசின் முள்ளைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. படகில் பொட்டலத்தைக் காதருகே ஆட்டினேன். சுக்காகக் காய்ந்து சலசலத்தது. அந்தக் கார் ஓடி நான் பார்க்கவில்லை. இரண்டு வாரம் அது வெயிலில் ஓடியதற்கான சாட்சி என் சட்டைப்பையில் இருந்தது.