கப்பலில் முழங்கால் தண்ணீர்

என் கணவரின் தம்பி ஒரு சுற்றுலாக் கப்பலில் சமையல்காரர். ஊழியர்களின் குடும்பத்தார் ஒருமுறை இலவசமாகப் பயணம் செய்யலாம் என்று சொல்லி எங்களைக் கூப்பிட்டார்.

“அண்ணி, வீட்டுக்குள்ளயே கெடந்தா ஆகாது. சின்னதுங்க ரெண்டுக்காகவாவது வாங்க.”

எங்கள் மூத்த மகள் இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டம் ஓப்பநாயக்க என்ற ஊருக்குப் பக்கத்தில். அதை ஒட்டி, யாரோ மாணிக்கக் கல் தேடித் தோண்டிவிட்டு மூடாமல் போன குழிகள் கிடக்கின்றன. மழைக்கு நிரம்பி, ஓரமெல்லாம் புல் படர்ந்தால் தரை எது, தண்ணீர் எது என்று தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த மூத்தவள் அதில் ஒன்றில் விழுந்துவிட்டாள். தேடிப் போய்த் தூக்கி வந்தது அவளுடைய அப்பாதான். எப்படிக் கிடந்தாள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் அவளைப் பற்றிய பேச்சே நின்றுபோனது.

எனக்குப் போக மனமில்லை. ஆனால் சித்தப்பா அனுப்பிய படங்களைப் பார்த்ததிலிருந்து நாலு வயதுப் பையன் கப்பல், கப்பல் என்று நச்சரித்தான். கொழும்பில் ஏறினோம்.

எங்களுக்குக் கிடைத்த அறையில் ஜன்னல் இல்லை. கடல் தெரியாதது எனக்கு நிம்மதியாக இருந்தது. வெளியே போகும்போதெல்லாம் சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பையனின் அரையில் என் துப்பட்டாவைக் கட்டி, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொள்வேன். லிஃப்டில் ஒரு பெண் சிங்களத்தில், “பாவம், ஏன் கட்டி வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டாள். ஓடிவிடுவான் என்று மட்டும் சொன்னேன்.

மேல்தளத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு நீச்சல் குளம் இருந்தது. முழங்கால் அளவுத் தண்ணீர்தான். பையன் அதன் விளிம்பிலேயே நின்றுவிட்டான்.

“அம்மா, எறங்கட்டா?”

“வேணாம்.”

“அக்கா விழுந்த தண்ணியும் இவ்வளவுதானா?”

அவன் அப்பா குனிந்து துப்பட்டா முடிச்சை அவிழ்த்தார்.

“வேணாங்க.”

“எத்தன நாளைக்குக் கட்டி வைப்ப? நான் கூட இருக்கேன்.”

இருவரும் இறங்கினார்கள். பையன் தண்ணீரை அடித்து விளையாடினான். திடீரென்று கால் வழுக்கி முகம் உள்ளே போனது. இடுப்பில் சின்னவளோடு அப்படியே குளத்துக்குள் இறங்கிவிட்டேன். அதற்குள் அவன் எழுந்து, இருமிக்கொண்டே சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும்தான் அழ ஆரம்பித்தான். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள்.

“ஒண்ணுமில்ல, எந்திரிச்சிட்டான்,” என்றார் அவர்.

நனைந்த உடையோடு அங்கேயே நின்றேன். பையன் அழுகை ஓய்ந்து மறுபடி விளையாடப் போனான். அவர் அவனைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பேசத் தொடங்கினார்.

“அன்னிக்குப் புத்தகப்பைதான் மொதல்ல தெரிஞ்சது. தோள்லயே மாட்டியிருந்துச்சு. கழட்டத் தெரியல புள்ளைக்கு.”

“கண்ணு தொறந்திருந்துச்சா?”

ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இல்ல. மூடித்தான் இருந்துச்சு.”

உண்மையா என்று தெரியவில்லை. மேலே கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

குளத்தில் நடந்ததை யாரோ சமையலறைவரை சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் தம்பி வேலை உடுப்போடு அறைக்கு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“தப்பாக் கூட்டிட்டு வந்துட்டேனா அண்ணி?”

“இல்ல தம்பி.”

“அவளுக்குத்தான் மொதல்ல கப்பலக் காட்டணும்னு இருந்தேன்,” என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். சின்னவள் அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளும் பையன் குளத்துக்குப் போனான். நான் தடுக்கவில்லை. அவன் வெளியே வரும்வரை விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது வீட்டில் அவளைப் பற்றிப் பேசுகிறோம். அவளுக்குப் பிடித்த கறி, அவள் போட்ட சண்டை எல்லாம் பேச்சில் வருகிறது. பேசி முடித்ததும் யாருக்கும் சோறு இறங்குவதில்லை. குழிகளை இன்னும் யாரும் மூடவில்லை. வருகிற ஜனவரியில் பையனுக்குப் பள்ளிக்கூடம். அந்தக் குழிகளை ஒட்டிய வழியைத் தவிர அதற்கு வேறு பாதை கிடையாது.