நாற்பத்தேழாம் இலக்கச் செபமாலை

செய்தி வந்தபோது காலை ஒன்பது மணி பத்து நிமிடம். ஜெர்மனியின் பான் நகரில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் உடைமாற்றும் அறையில், காவலன் எமில் சீருடையின் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். கூட வேலை செய்யும் மரியரட்ணம் அண்ணை தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவர் மனைவி லவினியா அக்கா தொலைபேசியில் சொன்னார். அழவில்லை. அடுத்து அவர் கேட்டது கணவரின் செபமாலையை. வெள்ளிக்கிழமை உடலைப் பெட்டியில் வைக்கும்போது அதைக் கையில் சுற்றிவிட வேண்டும். மடு மாதா கோயிலில் தாய் வாங்கிக் கொடுத்த மாலை. வீடு முழுக்கத் தேடியும் காணவில்லை.

அதை ஆறாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். யாருடையது என்பது எமிலுக்கு மட்டும்தான் தெரியும்.

மரியரட்ணம் மன்னாரிலிருந்து வந்து, பத்தொன்பது வருடம் உணவகமொன்றில் கோப்பை கழுவி, முதுகு ஒத்துழைக்க மறுத்த பிறகு காவலரானவர். கலையைப் பற்றி அவருக்கிருந்த ஒரே கருத்து, கூடத்தில் நாற்காலி போதாது என்பது. அந்த வசந்தத்தில் மறைந்த ஹங்கேரியக் கட்டடக் கலைஞர் ஒருவரின் கண்காட்சி வந்தது. மனிதர் குடியிருக்கக் கட்டிய வீடுகள் மூன்று. திரைப்படங்களுக்காகக் கட்டிய அரண்மனைகளும் சிறைகளும் அறுபதுக்கு மேல். அண்ணையின் காவலுக்குக் கிடைத்தது ஒரு படத்துக்காகக் கட்டிய சிற்றாலயம். கல்போலத் தெரிந்த சுவரை முதல் நாளே தட்டிப் பார்த்து, "பலகையடா" என்றார். உள்ளே நின்ற மாதாவும் சுண்ணச்சாந்து. நீட்டிய கைகளில் ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் காலை அண்ணை தன் செபமாலையை அந்தக் கையில் கொழுவிவிட்டார். யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய வேலை.

"எட்டு மணித்தியாலம் மாதாவுக்கு முன்னாலை நிக்கிறன். வெறுங்கையோடை விடேலுமோ?"

"அண்ணை, அது படத்துக்குச் செய்த மாதா."

"மடுவிலை இருக்கிறதும் ஆரோ செய்ததுதான்."

அன்று பின்னேரம் கழற்றுவதாகத்தான் எண்ணம். மத்தியானமே கலைஞரின் மகள் புடாபெஸ்டிலிருந்து வந்து, மாலையைக் கண்டு கலங்கி, அப்பா இப்படிச் சின்ன விடயங்களில்தான் உயிரை வைத்திருந்தார் என்று சொல்லிவிட்டார். பொறுப்பாளர் திருமதி பிறாண்ட் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் அதற்கு நாற்பத்தேழாம் இலக்கமும் ஒரு விளக்கக் குறிப்பும் வந்தன. அண்ணை அதைத் தானே தொட முடியாமல் ஏழு வாரம் காவல் காத்தார். வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. விரல்களை எண்ணிச் செபித்தார்.

அண்ணை இறந்த அன்றே எமில் பொறுப்பாளரிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் கதவைச் சாத்திவிட்டு மனதார வருந்தினார். ஆனால் இலக்கம் பெற்ற பொருளைச் சும்மா எடுத்துக் கொடுக்க முடியாது. அது இரவலாக வந்தது என்று முதலில் பதிந்து, பிறகு திருப்பிக் கேட்க வேண்டும் என்றார். எமில் உடனே விண்ணப்பத்தை நிரப்பினான். உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த உடனடிப் பலனாக, மறுநாள் மாதாவைச் சுற்றிக் கண்ணாடி வந்தது.

வியாழன் மாலை அக்காவிடம் போய், "ஏலாதாம் அக்கா" என்றான். அவர் முழுக் கதையையும் கேட்டார்.

"எனக்கு ஒரு நாள் பூ வாங்கித் தராத மனுசன்," என்றார் கடைசியில். "பலகைக் கோயிலுக்குக் குடுத்திருக்கிறார்."

வெள்ளிக்கிழமை தன்னுடைய செபமாலையைக் கணவரின் கையில் சுற்றி அனுப்பினார்.

விண்ணப்பம் திருமதி பிறாண்டின் மேசையில் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில், இரவல் தந்தவர் நேரில் வந்து இட வேண்டிய கையெழுத்து மட்டும் இன்னும் இடப்படவில்லை.