ராமசாமி எழுதாத ஐந்து கட்டுரைகள்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. கோர்ட்டுக்குக் கிளம்ப, கறுப்புக் கோட்டில் ஒரு கையை நுழைத்திருந்தேன். இன்னொரு கையை நுழைப்பதற்குள் வாசலில் ஒரு குரல்.

"வக்கீலய்யா, ஒரு பத்திரம் வேணும். நான் எழுதாததை, நான் எழுதலைன்னு எழுதித் தரணும்."

இருபது வருஷமாகத் திண்டுக்கல்லில் வக்கீல் தொழில் பார்க்கிறேன். நிலம் என்னுடையது என்பார்கள், வாய்க்கால் என்னுடையது என்பார்கள், பக்கத்து வீட்டு முருங்கைமரம்கூட என்னுடையதுதான் என்பார்கள். 'என்னுடையது இல்லை' என்று சொல்ல பஸ் ஏறி வந்த முதல் ஆள் இவர்தான்!

பெயர் ராமசாமி. அகரத்து விவசாயி. கத்தரியும் கனகாம்பரமும் போடுகிறவர். பின்னாலேயே அவர் மகள் கமலம் வந்தாள். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர்.

"எதை எழுதலைங்கிறீங்க?" என்றேன்.

"புத்துநோயைப் பத்தி அஞ்சு கட்டுரைங்க. வெள்ளைக்காரன் புஸ்தகத்துல வந்திருக்கு. எம் பேருதான் போட்டிருக்கான். ஆனா சாமி சத்தியமா நான் எழுதலை."

கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய?

கமலம் விஷயத்தைச் சொன்னாள். அவள் மற்ற டாக்டர்களைப்போல நாடி பிடித்து மருந்து எழுதுகிறவள் இல்லை. ஆபரேஷனில் வெட்டி எடுத்த கட்டியை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து — இது சாதுக் கட்டி, இது போக்கிரிக் கட்டி என்று தீர்ப்புச் சொல்கிறவள். முக்கியமாகப் பெண்களுக்கு மார்பில் வரும் கட்டிகள்.

"சின்னாளப்பட்டியில சேலைக்குச் சாயம் ஏத்துறாகள்ல, அந்த மாதிரி எம் மக சதைக்குச் சாயம் ஏத்துறா" என்று ராமசாமி நடுவில் புகுந்து விளக்கினார். கமலம் சிரித்தாள்.

பார்த்ததைப் பற்றி இதுவரை எட்டுக் கட்டுரைகள் எழுதி அச்சில் வந்திருக்கின்றன. இப்போது அந்த ஆஸ்பத்திரியில் இந்தப் பரிசோதனைக்கென்றே தனிப் பிரிவு வருகிறது. அதற்குத் தலைமை வேண்டுமென்றால் குறைந்தது ஐந்து கட்டுரையாவது சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். எட்டு இருக்கிறதே, அப்புறம் என்ன கஷ்டம் என்கிறீர்களா?

கஷ்டம் நம் ஊர் இன்ஷியல்!

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஆர். கமலம். அந்தப் பெயரில் இரண்டு. கல்யாணத்துக்குப் பின்னால் கணவர் சண்முகத்தின் எழுத்து ஒட்டிக்கொண்டு எஸ். கமலம். அந்தப் பெயரில் ஒன்று. மீதி ஐந்தும் கல்யாணத்துக்கு முன்பே வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தவை. அந்த ஆசிரியர் மரியாதையாகக் கேட்டிருக்கிறார் — "ஆர். என்றால் என்ன? முழுப்பெயர் வேண்டும்." இவளும் யோக்கியமாக, 'கமலம் ராமசாமி' என்று எழுதி அனுப்பியிருக்கிறாள்.

கடைசியில் வருவதுதான் பெயர், முன்னால் வருவது வெறும் எழுத்து என்பது அவர்கள் வழக்கம். போட்டுவிட்டார்கள் — டாக்டர் ராமசாமி, கே.! ஐந்து கட்டுரைக்கும்.

தேர்வுக் குழுவின் கடிதத்தைக் கமலம் நீட்டினாள். 'தாங்கள் அனுப்பிய பட்டியலில் ஒரு கட்டுரையே தங்கள் பெயரில் காணப்படுகிறது. மற்றவை ஆர். கமலம் என்பவரும் டாக்டர் ராமசாமி என்பவரும் எழுதியவை. விளக்கம் தேவை. மேற்படி ராமசாமி உயிருடன் இருந்தால் அவருடைய பிரமாணப் பத்திரமும் சனிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும்.'

"உசுரோட இருந்தாலாம்ல, இருந்தால்!" என்று ராமசாமி பொருமினார். "நேத்துக்கூட நாலு சால் உழுதிருக்கேன்."

இன்னொரு வேடிக்கை. ஹாஸ்டல் விலாசம் மாறிக்கொண்டே இருந்ததால் கமலம் அகரத்து விலாசத்தைக் கொடுத்து வைத்திருந்தாள். கட்டுரையைப் படித்த மேல்நாட்டு டாக்டர்கள், 'அன்புள்ள டாக்டர் ராமசாமி, தங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்ப முடியுமா?' என்று கார்டு போடுவார்களாம். ஜெர்மனியிலிருந்து வந்திருக்கிறது, ஜப்பானிலிருந்து வந்திருக்கிறது. தபால்காரர் வாய்க்கால் வரப்பில் நின்று, "டாக்டரய்யா, தபாலு!" என்று கூப்பிட, ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. மாட்டுக்குக் கழிச்சல் என்றால்கூட இவரிடம் வந்து நிற்கிறார்களாம்.

"என்ன வைத்தியம் சொல்வீங்க?"

"செம்பட்டியில மாட்டாசுபத்திரி இருக்குன்னு சொல்லுவேன். அம்புட்டுத்தான் நம்ம டாக்டரு படிப்பு."

சரி, உட்கார்ந்து பத்திரத்தை டைப் அடித்தேன். குழு மெட்ராஸில் இருப்பதால் இங்கிலீஷில். 'நான், அகரம் ராமசாமி, விவசாயி. கீழ்க்கண்ட ஐந்து கட்டுரைகளில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை. அனைத்தும் என் மகள் கமலம் எழுதியவை' என்று ஒரு பத்தி. அதன் கீழே ஐந்து தலைப்புகள். ஒவ்வொன்றும் ரயில் நீளம். படித்து முடிப்பதற்குள் காபி ஆறிவிடும்.

மூன்று பேருமாக நோட்டரியிடம் போனோம். எனக்கு சீனியர் அவர், கண்டிப்பான மனிதர். ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுத்தான் முத்திரை போடுவார். அவர் முன்னறையில் குமாஸ்தா தவிர நாலைந்து கட்சிக்காரர்கள் காத்திருந்தார்கள். கையெழுத்துப் போடுகிறவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்றால், வக்கீல் அதைத் தமிழில் படித்து விளக்க வேண்டும், விளக்கியதாகக் கீழே கையெழுத்தும் போட வேண்டும். சட்டம்.

விளக்கினேன். "ஒண்ணாவது கட்டுரை, நெஞ்சில் வரும் கட்டிகள். ரெண்டாவது, நெஞ்சுப் புற்றுநோயின்…" இப்படியே ஐந்தும். கமலம் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாம் விளங்குச்சா? எல்லாம் உண்மைதானே?" என்றார் நோட்டரி.

"ஒண்ணைத் தவிரங்க" என்றார் ராமசாமி.

அடப்பாவி மனுஷா… ஐந்தில் ஒன்றைத் தானே எழுதியதாகச் சொல்லப் போகிறாரா?

"வக்கீலய்யா நெஞ்சு, நெஞ்சுன்னு படிச்சாரு. அது நெஞ்சு இல்லைங்க. மார்பு. பொம்பளையாளுக மார்பு."

குமாஸ்தா நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். ஒரு கட்சிக்காரர் செருப்பைத் தேடினார். நான் தொண்டையைக் கனைத்தேன். "ரெண்டும் ஒண்ணுதானே ராமசாமி… நாலு பேர் இருக்கிற இடம், ஒரு மரியாதைக்கு—"

"ஒண்ணு இல்லைங்க." அவர் குரலை உயர்த்தவில்லை. "எங்கக்கா பேச்சியம்மா. நெஞ்சுல வலிக்குதுன்னுச்சு. வாயுவுன்னு ஓமத்தண்ணி குடுத்தோம். ரெண்டு வருசம் ஓமத்தண்ணி குடுத்தோம்யா! கட்டி மார்புலன்னு அது வாயத் திறந்து சொல்லல. நாங்களும் கேக்கல. தெரிஞ்சப்போ ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாக. இவ அப்போ பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அத்தை மடியிலயே கிடப்பா."

கமலம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதுக்குத்தான இவ இதைப் படிச்சா? அம்புட்டையும் எழுதிப்பிட்டு, பத்திரத்துல போயி நெஞ்சுன்னு சொன்னா, அது பொய்ப் பத்திரம்ல? நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பத்திரத்தில் இங்கிலீஷ் சரியாகத்தான் இருந்தது. பொய் சொன்னது பத்திரம் இல்லை. 'சரியாக விளக்கினேன்' என்று கையெழுத்துப் போட இருந்த நான்! கொலைக் கேஸில் குறுக்கு விசாரணை செய்கிற வாய், மூன்றெழுத்து வார்த்தைக்கு முக்காடு போட்டுவிட்டது. நம் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு இல்லையா? உடம்பில் பாதி உறுப்புகளுக்கு நாம் வேறு விலாசம் கொடுத்து வைத்திருக்கிறோம். வைத்தியர் அந்த விலாசத்துக்குப் போய்க் கதவைத் தட்டிவிட்டு, ஆள் இல்லை என்று திரும்புகிறார்.

நோட்டரி என்னைப் பார்த்தார். "திரும்பப் படிப்பா."

படித்தேன். முதல் 'மார்பு' எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது குமாஸ்தாவுக்குக் கேட்டது. ஐந்தாவது தெருவுக்கே கேட்டிருக்கும். ராமசாமி திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார்.

"போதுமாத்தா? இப்ப உன் அஞ்சும் உங்கிட்ட வந்துரும்ல?" என்றார் மகளிடம். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

நோட்டரி முத்திரை குத்தினார். ஆனால் தாளைக் கொடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"அம்மா… ஆஸ்பத்திரியில நீங்க எந்தெந்த நாள் இருப்பீங்க?"

"ஞாயித்துக்கிழமை தவிர எல்லா நாளும் இருப்பேன்யா. ஏன்?"

"வீட்டுல… ஒரு மாசமா நெஞ்சுல ஒரு—" நிறுத்தினார். ராமசாமியைப் பார்த்தார். "மார்புல ஒரு கட்டி இருக்குங்கிறா. நான்தான் சூட்டுக் கட்டியா இருக்கும், எண்ணெய் தேச்சுக் குளின்னு சொல்லிட்டேன்."

"நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க. நானே பெரிய டாக்டரம்மாகிட்ட கூட்டிப் போறேன்" என்றாள் கமலம்.

இதை நோட்டரியின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். "பேரைப் போடாதே, மத்தது அம்புட்டையும் போடு" என்று உத்தரவு. அந்த அம்மாளுக்குக் கட்டியை எடுத்தார்கள். சீவி, சாயம் ஏற்றிப் பார்த்தது கமலம்தான். சாதுக் கட்டி! நோட்டரி அன்று கோர்ட்டில் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். எங்களுக்கெல்லாம் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

இந்தத் திங்கட்கிழமை குழுவின் பதிலும் வந்துவிட்டது. எட்டுக் கட்டுரையும் கமலத்துடையவையே என்று ஏற்றுக்கொண்டார்கள். புதிய பிரிவுக்கு அவள்தான் தலைமை. செய்தி சொல்ல ராமசாமி ஒரு கூடைக் கத்தரிக்காயோடு வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. ஒரே ஒரு குறைதான்.

"இனிமே கார்டெல்லாம் நேரா அவளுக்கே போயிரும்ல?" என்றார்.

"போயிரும்."

"போகட்டும். ஜப்பான்காரன் தபால்தலை மட்டும் நல்லா இருக்கும்" என்றார்.

எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் என் மனைவிக்குப் படித்துக் காட்டுவது வழக்கம். வாராவாரம் அவள் சிரித்த பிறகுதான் உங்களிடம் வருகிறது. இந்த வாரம் மட்டும் தாளை நீட்டி, "நீயே படிச்சுக்கோ, எனக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்றேன்.

அவள் முதல் பக்கத்தைப் பார்த்தாள், கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள்.

"கோர்ட்டுல கத்துற தொண்டைதானே? சத்தமாப் படிங்க."

படித்தேன். பாதியில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது… கடைசி வரி வரை மூடவில்லை.